அன்புக்கு எத்தனை மாத்திரை

1584ஆம் ஆண்டு ரோம் நகரில் இசையமைப்பாளர் பலஸ்த்ரீனா ஐந்து குரல்களுக்கான 29 மோட்டெட்டுகளை (பல குரல்களில் பாடும் லத்தீன் தேவாலயப் பாடல்களை) ஒரே தொகுப்பாக வெளியிட்டு, அதைப் பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரிக்குக் காணிக்கையாக்கினார். காதல் கவிதைகளுக்கு இசை அமைத்தவர்களின் கூட்டத்தில் தாமும் ஒரு காலத்தில் இருந்ததை எண்ணி வெட்கப்படுவதாகவும் வருந்துவதாகவும் காணிக்கை உரையில் எழுதினார். அப்படி எழுதிவிட்டு அவர் நீட்டிய 29 பாடல்களின் வரிகளும் விவிலியத்தின் காதல் கவிதை நூலான உன்னதப்பாட்டிலிருந்து எடுக்கப்பட்டவை. முதல் பாடலே முத்தம் கேட்டுத்தான் தொடங்குகிறது. தம்முடைய மற்ற தேவாலய இசையைவிடச் சற்றே துடிப்பான நடையை இதில் கையாண்டிருப்பதாகவும் அதே உரையில் சொல்லிவிடுகிறார். இரண்டு ஆண்டுகள் கழித்து, 1586இல், உலகியல் மாட்ரிகல்களின் (பல குரல் இத்தாலியப் பாடல்களின்) இன்னொரு தொகுப்பையும் அச்சுக்குக் கொடுத்தார் என்பதால், அந்த வெட்கம் எவ்வளவு ஆழமானது என்பதில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம் உண்டு.

கருவித்துணை ஏதுமின்றிப் பாடகர் குழு மட்டுமே பாடும் நான்கு குரல் பாடல் ஒன்றைச் சில மாதங்களாக எழுதி வருகிறேன் என்பதால்தான் பலஸ்த்ரீனாவின் இந்தச் சங்கடம் அடிக்கடி நினைவுக்கு வருகிறது. பாடலுக்கு நான் எடுத்துக்கொண்ட வாசகங்கள் இரண்டு. ஒன்று, கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 13ஆம் அதிகார இறுதி வசனம்: ‘இப்பொழுது விசுவாசம், நம்பிக்கை, அன்பு இம்மூன்றும் நிலைத்திருக்கிறது; இவைகளில் அன்பே பெரியது.’ மற்றொன்று, உன்னதப்பாட்டின் 8ஆம் அதிகாரத்தில் வரும் ‘திரளான தண்ணீர்கள் நேசத்தை அவிக்கமாட்டாது’ என்ற வரி. முன்னது ஒரு சபைக்கு எழுதிய கடிதத்தின் பகுதி; பின்னது காதலர் இருவரின் பேச்சு. இரண்டையும் ஒரே பாடலில் பக்கத்துப் பக்கத்தில் வைக்கும்போது, பாடுகிறவர் யாரிடம் பேசுகிறார் என்ற கேள்வி முதல் அளவிலேயே (இசைக்குறிப்பில் இரு கோடுகளுக்கு இடைப்பட்ட தாளப்பகுதியிலேயே) எழுந்துவிடுகிறது.

கிளேர்வோ மடத்துத் துறவி பெர்னார்து உன்னதப்பாட்டுக்கு 86 மறையுரைகள் எழுதினார். 1153இல் அவர் இறந்தபோது மூன்றாம் அதிகாரத்தின் தொடக்கத்தைத்தான் எட்டியிருந்தார். மணவாளன் கிறிஸ்து, மணவாட்டி ஆன்மா என்று ஒவ்வொரு சொல்லுக்கும் அவருக்குப் பொருள் விரிந்துகொண்டே போயிற்று. ஆண்டாளையும் மாணிக்கவாசகரையும் கேட்டு வளர்ந்த தமிழ்க் காதுக்கு இதில் வியப்பொன்றும் இருக்காது. நாயகன் நாயகி பாவத்தை நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இசை எழுதுகிறவனுக்கு இதிலிருந்து கிடைக்கும் பாடம் நடைமுறை சார்ந்தது. இது மனிதக் காதல், இது தெய்வ பக்தி என்று இசையில் எல்லை கட்ட வேண்டாம். ‘நேசம்’ வரும் இடத்தில் இசை திடீரென்று குழைந்து இனிப்பதும், ‘விசுவாசம்’ வரும் இடத்தில் நிமிர்ந்து விறைப்பதும் கேட்பவரிடம் தேர்வை முன்கூட்டியே திணிப்பதாகும். ஒரே வகையான இசை இரண்டையும் தாங்க வேண்டும் என்பதுதான் இந்தப் பாடலுக்கு நான் விதித்துக்கொண்ட முதல் நிபந்தனை.

இனி சொற்களுக்கு வருகிறேன். இந்த வேலையில் என் நேரத்தின் பெரும்பகுதி கழிவது சுரங்களோடு அல்ல, எழுத்துகளோடுதான்.

இலக்கணக் கணக்கின்படி ‘அன்பு’ என்ற சொல்லுக்கு இரண்டே மாத்திரை: அகரத்துக்கு ஒன்று, னகர மெய்க்கு அரை, ஈற்றில் நிற்கும் குற்றியலுகரத்துக்கு அரை. கோரஸ் பாடல் என்பது நீண்ட உயிரொலிகளால் கட்டப்படுவது. லத்தீனில் எழுதுகிறவருக்கு, அன்பைக் குறிக்கும் ‘காரித்தாஸ்’ என்று வாயைத் திறந்து நீட்டுவதற்கு ஒரு நல்ல உயிரொலி முதல் அசையிலேயே கிடைத்துவிடுகிறது. நம்முடைய சொல்லோ, பாடலின் மையமாக இருக்க வேண்டிய சொல், வந்த சுவடு தெரியாமல் முடிந்துவிடுகிறது. இரண்டு அசைகளுக்கும் சமமாக இரண்டிரண்டு எண்ணிக்கை கொடுத்தால், நாற்பது பேர் ஒரே குரலில் ‘அன்பூ’ என்று பாடுவார்கள். அதைக் கேட்டுச் சிரிக்காத தமிழர் இருக்க மாட்டார். குறுகிய உகரத்தை நீட்டக் கூடாது என்பது இலக்கண நூலில் இருக்கும் விதி மட்டும் அன்று. காது அதை ஒத்துக்கொள்வதே இல்லை.

முதல் அசையை நீட்டலாமே என்றால், அங்கே வேறொரு பள்ளம் இருக்கிறது. அகரத்தை நான்கு எண்ணிக்கைக்கு நிறுத்தினால் பாடகர்கள் தம்மையறியாமல் வாயை விரித்து அதை ஆகாரமாக்கிவிடுவார்கள். தனிப்பாடகர் ஒருவர் கார்வை கொடுக்கும்போது குறிலின் நிறத்தைக் காப்பாற்றிக்கொள்வார். நாற்பது பேரிடம் அதை எதிர்பார்ப்பது கடினம். நான் கண்டுகொண்ட வழி, மெய்யெழுத்தைப் பாட வைப்பது. னகரம் மெல்லினம், மூச்சு இருக்கும்வரை அதை முனகலாக நீட்ட முடியும். எனவே ஸ்கோரில் அகரத்துக்கு ஒரே ஒரு எண்ணிக்கை கொடுத்து, அடுத்த மூன்று எண்ணிக்கைக்கு ‘ன்’ என்று தனியாகவே எழுதி, ‘பு’வை அளவின் கடைசி அரை எண்ணிக்கையில் உதட்டைத் திறந்து மூடுவதோடு முடித்துவிடுகிறேன். அவ்வாறு எழுதும்போது அந்தச் சொல் குழுவுக்குள்ளிருந்து ஒரு ரீங்காரமாக எழும்புகிறது. ஒரு கட்டுப்பாடு உண்டு: சொப்ரானோ (உயர்ந்த பெண்குரல்) மேலே போகப் போக ‘ன்’ மூக்கில் இறுகிவிடும். ஆகையால் அந்தச் சொல்லின்மீது சொப்ரானோவை நடு ‘சி’க்கு மேலுள்ள ‘ஏ’வைத் தாண்டவிடுவதில்லை. பாடலின் உச்சம் ‘அன்பு’ என்ற சொல்லில் அமையாமல் போவதற்கு இதுவே காரணம்.

உச்சம் ‘அன்பே’ என்பதில் அமைகிறது. உறுதியைக் காட்டும் தேற்றேகாரம் சேர்ந்தவுடன் அதே சொல்லுக்கு நெடில் ஒன்று கிடைத்துவிடுகிறது. ஏகாரம் கோரஸுக்கு மிகவும் ஏற்ற ஒலி என்று சொல்ல மாட்டேன். கவனமில்லாமல் பாடினால் தட்டையாகப் பரவிவிடும். ஆனாலும் அளவுக்கோட்டைத் தாண்டி நீட்டி, அடுத்த அளவில் சுருதிமோதலை உண்டாக்கி, அதைத் தீர்த்து வைப்பதற்குள்ள நேரத்தை அது தருகிறது. இதன் பயனைப் பின்னால் சொல்கிறேன்.

மற்ற இரு சொற்களும் குணத்தில் முற்றிலும் வேறானவை. ‘விசுவாசம்’ இரண்டு குறில்களில் தயங்கி நடந்து, ‘வா’வில் நின்று, ‘ம்’ என்று மூடிக்கொள்கிறது. அந்த நடையே ஒரு மெட்டைத் தந்துவிடுகிறது: இரண்டு சிறிய சுரங்கள், மேல்நோக்கிய ஒரு தாவல், ஒரு நீண்ட சுரம், இறக்கம். இந்த மெட்டை டெனர் (உயர்ந்த ஆண்குரல்) தொடங்க, ஆல்ட்டோ (தாழ்ந்த பெண்குரல்), சொப்ரானோ, பாஸ் (தாழ்ந்த ஆண்குரல்) என்று ஒவ்வொருவராக ஏற்றுப் பின்தொடரும்படி அமைத்தேன். முந்தியவர் பாடிவிட்டுப் போன சுரத்தை நம்பித்தான் பிந்தியவர் தம் முதல் சுரத்தை எடுக்க வேண்டும். ‘நம்பிக்கை’யில் அது நடக்காது. அதன் நடுவில் இருக்கும் ‘க்க’ ஒலியை முழுவதுமாக அடைத்து, ஒரு நொடியின் சிறு பகுதிக்கு மௌனத்தை உண்டாக்குகிறது. நான்கு குரல்களும் நான்கு வெவ்வேறு நேரங்களில் அந்த வல்லினத்தைச் சொன்னால் பாடல் முழுக்கத் தட்டுமுட்டுச் சத்தமாகிவிடும். எனவே அங்கே நால்வரும் ஒன்றாக, ஒரே தாளத்தில், ஒரே சமயத்தில் அடைத்துத் திறக்கிறார்கள்.

‘அன்பு இம்மூன்றும்’ என்பதை மூச்சுவிடாமல் பாடினால் உகரம் கெட்டு ‘அன்பிம்மூன்றும்’ ஆகிவிடும். பேச்சில் அதுதான் இயல்பு. பாடலில் வசனத்தின் பட்டியல் குழம்பிப்போகும் என்பதால், ஓர் அரை எண்ணிக்கை ஓய்வை அங்கே வெளிப்படையாகவே குறித்திருக்கிறேன். மூச்சுக்குறி போட்டால் பாதிப் பேர் கவனிப்பார்கள், பாதிப் பேர் கவனிக்க மாட்டார்கள். ஓய்வுக்குறி போட்டால் கைகாட்டுகிறவர் கையிலேயே அது வந்துவிடும். ‘நிலைத்திருக்கிறது’ என்ற வினைமுற்று இன்னொரு தொல்லை. ஏழு அசைகள் கொண்ட அந்தச் சொல்லில், ‘லை’யின் ஐகாரமும் குறுகிவிடுவதால், நீட்டி நிற்பதற்கென்று ஒரு நெடில்கூட இல்லை, முடிவதும் குற்றியலுகரத்தில். நிலைத்தல் என்ற பொருளுடைய சொல் எங்கேயும் நிலைக்க மறுக்கிறது. அதைத் தாழ்ந்த குரலில், ஒரே கார்டின்மீது (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டின்மீது), வாசிப்பதுபோல் விரைவாகச் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டேன்.

வேதவாக்கின் சொல்வரிசையைப் பாட்டு வசதிக்காக மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ‘பெரியது அன்பே’ என்று முடித்தால் எனக்கு வேண்டிய நெடில் கடைசியில் கிடைக்கும்தான். ஆனால் அந்த வசனத்தை மனப்பாடமாகத் தெரிந்தவர்கள் அமர்ந்திருக்கும் இடத்தில் அது உறுத்தும். வரிசையை மாற்றாமல் சொல்லைத் திரும்பச் சொல்வது பழைய வழக்கம். 16ஆம் நூற்றாண்டு மோட்டெட்டுகள் முழுவதும் அதைக் காணலாம். எனவே ‘அன்பே பெரியது’ என்று வசனத்தை முடித்துவிட்டு, பிறகு ‘அன்பே’ என்பதை மட்டும் தனியே மீண்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வார்த்தை தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதில் திருச்சபைகள் எப்போதுமே கண்டிப்பாக இருந்து வந்திருக்கின்றன. இங்கிலாந்தின் சீர்திருத்தப் பேராயர் கிரான்மர் 1544இல் மன்னர் எட்டாம் ஹென்றிக்கு எழுதிய கடிதத்தில், இயன்றவரை ஓர் அசைக்கு ஒரு சுரம் என்ற அளவில் தேவாலய இசை இருப்பது நல்லது என்றார். கத்தோலிக்கரின் திரெந்து பொதுச்சங்கமும் 1562இல், வெறும் செவியின்பத்துக்காக அன்றிச் சொற்கள் எல்லோருக்கும் விளங்கும்படி பாட வேண்டும் என்பதை விவாதித்தது. எதிரெதிர் அணியில் நின்றவர்கள் இந்த ஒன்றில் ஒத்துப்போனார்கள். நான் இதில் நடுவழிக்காரன். ஒரு சொல் முதன்முறை வரும்போது நால்வரும் சேர்ந்து தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், அல்லது ஒருவராவது தனியாகச் சொல்லிவிட வேண்டும். பிறகு குரல்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னினாலும் கேட்பவர் கையில் சொல் இருக்கும்.

கருவி இல்லாத இசையில் அடுத்த பெரிய கவலை சுருதி. தம்பூராவோ ஆர்கனோ பின்னால் ஒலித்தால் பாடகர் விலகினாலும் திரும்பி வந்து சேர ஓர் இடம் இருக்கும். இங்கே ஒருவருக்கு மற்றவரே சுருதி. நல்ல காதுள்ள குழு, எல்லா அரைச்சுரங்களையும் சமமாகப் பிரிக்கும் பியானோவின் சமப்பங்கீட்டு அளவில் பாடாது. சுரங்கள் எளிய எண்விகிதத்தில் ஒன்றும் தூய இசைவை நாடும். பியானோவில் மேஜர் மூன்றாம் சுரம் அடிச்சுரத்திலிருந்து 400 சென்ட் (ஒரு சென்ட் பியானோவின் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு) தொலைவில் இருக்கிறது. தூய இசைவில் அது சுமார் 386 சென்ட். தம்பூராவை மீட்டும்போது யாரும் மீட்டாமலேயே கேட்கும் அந்தர காந்தாரம் இதுதான். குழு இந்த மூன்றாம் சுரத்தில் போய் அமரும்போது கார்ட் அதிராமல் நின்று ஒளிர்கிறது. கருவி இல்லாமல் பாடுவதன் பெரும் இன்பம் இது. பெரும் ஆபத்தும் இதிலேயே ஒளிந்திருக்கிறது.

எப்படியென்றால்: சி மேஜரில் தொடங்கி, ஏ மைனர், டி மைனர், ஜி மேஜர் வழியாக மறுபடி சி மேஜருக்கு வரும் சாதாரணப் பயணம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு கார்டுக்கும் அடுத்ததற்கும் பொதுவான சுரத்தை அசைக்காமல் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு கார்டையும் தூய இசைவில் பாடினால், திரும்பி வந்து சேரும் ‘சி’ புறப்பட்ட ‘சி’யைவிட 81க்கு 80 என்ற விகிதத்தில் தாழ்ந்திருக்கும். ஏறக்குறைய 21.5 சென்ட். ஒருவரும் தவறாகப் பாடவில்லை. எல்லோரும் சரியாகப் பாடியதால்தான் சுருதி இறங்கியது. இதே பயணத்தை ஐந்து முறை செய்தால், கணக்குப்படி, பாடல் ஓர் அரைச்சுரத்துக்கும் மேலாக இறங்கியிருக்கும். உண்மையான குழுக்கள் இடையிடையே தம்மையறியாமல் சரிசெய்துகொள்வதால் இறக்கம் அவ்வளவு ஒழுங்காக நடப்பதில்லை. இருந்தாலும் பாடல் முடிந்தபின் பியானோவைத் தொட்டுப் பார்க்கும் கைகாட்டுநரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது கதையல்ல என்று தெரியும்.

இதற்குப் பாடகர்களைக் கடிந்து பயனில்லை. எழுதும்போதே கவனித்துக்கொள்ள வேண்டியது. அந்தக் கார்ட் வரிசையை அடுத்தடுத்துப் பயன்படுத்துவதைக் குறைக்கலாம். சில இடங்களில் ஒரு சுரத்தை ஒரே குரலிடம் நீண்ட நேரம் ஒப்படைத்து, மற்ற மூவரும் அதை ஒட்டியே நகரும்படி செய்யலாம். ‘திரளான தண்ணீர்கள்’ பகுதியை நான் அப்படித்தான் எழுதினேன். சொப்ரானோ, டெனர், பாஸ் மூவரும் எட்டில் ஒரு சுரங்களில் ஓடுகிறார்கள். ஆல்ட்டோ மட்டும் ‘நேசத்தை’ என்ற சொல்லின் ‘நே’யை ஓர் ‘எஃப்’ சுரத்தில் நிறுத்திக்கொண்டு, ஆள் மாற்றி ஆள் மூச்செடுத்து, எட்டு அளவுகளுக்கு அசையாமல் நிற்கிறது. வெள்ளத்தைச் சுரங்களால் வரைந்து காட்டுவது பழைய உத்திதான். அதைப் பற்றி எனக்குக் கூச்சம் இல்லை. ‘அவிக்கமாட்டாது’ என்ற சொல்லின் ‘க்க’வும் ‘ட்டா’வும் ஓடுகிற சுரங்களுக்கு நல்ல கரை அமைத்துக்கொடுக்கின்றன. பாடகர்கள் சுருதியை இழக்காமல் இருப்பதும் வரியின் பொருளும் அந்த ஒற்றை எஃப்பில் ஒன்றாகிவிட்டன என்பதை எழுதி முடித்துப் பார்த்தபோது எனக்கே மகிழ்ச்சியாக இருந்தது.

அன்பைப் பற்றிய பாடல் என்றதும் இன்று பல இசையமைப்பாளர்கள் கையில் எடுப்பது, கார்டுக்குள் இரண்டாம் சுரத்தையும் ஒன்பதாம் சுரத்தையும் தூவி, மெதுவான தாளத்தில் பனிமூட்டம்போல் படரவிடும் ஒரு நடை. கேட்க அழகாக இருக்கும். எதிரொலிக்கும் கல்மண்டபத்தில் இன்னும் அழகாக இருக்கும். என் மனக்குறை என்னவென்றால், எல்லாச் சுரமும் சற்றே மோதிக்கொண்டிருக்கும் இடத்தில் எந்த மோதலுக்கும் பொருள் இல்லாமல் போய்விடுகிறது. அன்பு ‘சகலத்தையும் சகிக்கும்’ என்று அதே அதிகாரம் சொல்கிறது. சகிப்பதற்கு ஏதாவது ஒன்று வந்து முட்ட வேண்டாமா?

அதற்கு மரபிசையில் கிடைக்கும் மிகக் கூர்மையான கருவி சஸ்பென்ஷன். ஒரு குரல் இசைவான ஒரு சுரத்தில் நிற்கிறது. மற்றவை அடுத்த கார்டுக்கு நகர்ந்துவிடுகின்றன. நின்ற குரல் எதையும் செய்யவில்லை, ஆனால் அடித்தளம் மாறியதால் அதன் சுரம் இப்போது முரண்சுரம் ஆகிவிட்டது. ஓர் எண்ணிக்கை அந்த உரசலைத் தாங்கியபின் அது ஒரு படி கீழே இறங்கி இசைவில் சேர்கிறது. இறங்க வேண்டும் என்பது முக்கியம். பிடிவாதமாக நின்றுவிட்டாலும் மேலே ஏறித் தப்பித்தாலும் கட்டு அவிழ்ந்த நிறைவு வராது. ‘அன்பே’ என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்லும் இறுதிப் பகுதி முழுவதும் இந்தச் சஸ்பென்ஷன்களின் சங்கிலிதான். ஏகாரம் அளவுக்கோட்டின்மேல் நீள்கிறது, உரசுகிறது, இறங்குகிறது. அதற்குள் வேறொரு குரல் தன் ஏகாரத்தோடு நிற்கத் தொடங்கிவிடுகிறது.

முரண்சுரத்தை எவ்வளவு சிக்கனமாகச் செலவிடலாம் என்பதற்கு மார்ட்டன் லாரிட்சன் 1994இல் எழுதிய ‘ஓ மாக்னும் மிஸ்தேரியும்’ ஒரு பாடம். கிறிஸ்து பிறப்பின் வியப்பைப் பாடும் அந்த டி மேஜர் பாடலில், கன்னித்தாயைக் குறிக்கும் சொல் வரும் ஓரிடத்தில், ஆல்ட்டோவின் ஜி ஷார்ப் (அரைச்சுரம் உயர்ந்த ஜி) ஒன்று வெளியாளாக வந்து விழுகிறது. தாயின் துயரத்தைக் குறிக்க அந்த ஒற்றைச் சுரத்தைத் தேடிப் பிடித்ததாக அவரே எழுதியிருக்கிறார். வில்லியம் பர்ட் 1605இல் அச்சிட்ட ‘ஆவே வேரும் கோர்புஸ்’ இன்னும் துணிச்சலானது. பாட்டு தொடங்கிச் சில சுரங்களுக்குள்ளேயே மேல்குரல் எஃப் ஷார்ப்பைப் பாடிவிட, அடுத்த கார்டிலேயே பாஸ் வெறும் எஃப்பில் வந்து நிற்கிறது. கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டிருந்த இங்கிலாந்தில், மறைவாகப் பாடுகிறவர்களுக்காகக் கத்தோலிக்கர் ஒருவர் எழுதிய நற்கருணைப் பாடல் அது. விசுவாசத்தை உறுதியான பெரிய கார்டுகளால்தான் காட்ட முடியும் என்று நினைப்பவர்கள் அந்த இரண்டு எஃப்களையும் ஒருமுறை கேட்க வேண்டும்.

அதே தொகுப்பின் முன்னுரையில் பர்ட், திருவசனங்களை ஊன்றித் தியானிக்கிறவருக்கு ஏற்ற சுரங்கள் எப்படியோ தாமாகவே வந்து சேர்கின்றன என்ற பொருளில் எழுதியிருக்கிறார். எனக்கு அவ்வளவு எளிதாக வந்ததில்லை. ஆனால் வசனத்தை எழுதாமல், வாசிக்காமல், நடக்கும்போது வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் தாளம் வந்திருக்கிறது என்பது மெய். கீபோர்டின் முன் உட்கார்ந்து எழுதுவதை நான் கூடுமானவரை தவிர்ப்பதற்கும் இதுவே காரணம். விரல்களுக்கு வசதியான கார்டுகள் குரல்களுக்கு வசதியாக இருப்பதில்லை. ஒவ்வொரு குரல்வரியையும் தனித்தனியாக முதலிலிருந்து முடிவுவரை நானே பாடிப் பார்க்கிறேன். எங்கே எனக்கு அடுத்த சுரம் எடுக்கத் தயக்கம் வருகிறதோ அங்கே வரியைத் திருத்துகிறேன். ஆல்ட்டோவுக்கு மூன்று பக்கங்களாக ஒரே இரண்டு சுரங்களைக் கொடுத்து வைக்கும் இசையமைப்பாளர்கள், ஒரு வாரம் ஆல்ட்டோ வரிசையில் நின்று பாட வேண்டும் என்று சட்டம் வந்தால் நான் வரவேற்பேன்.

பக்திப்பாடல் எழுதுகிறவர் விசுவாசியாக இருந்தாக வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆங்கில இசையமைப்பாளர் ரால்ஃப் வான் வில்லியம்ஸ், கடவுள் உண்டா என்பதை அறிய முடியாது என்னும் அறியொணாவாதி என்றே அறியப்பட்டவர். ஆயினும் 1921இல் அவர் எழுதிய ஜி மைனர் திருப்பலி இசை, கருவித்துணை இல்லாத ஆங்கிலத் தேவாலய இசையின் சிகரங்களில் ஒன்று. எனவே ‘ஆம்’ என்று சொல்லும் துணிவு எனக்கில்லை. என் அளவில் மட்டும் சொல்வதானால், நான் நம்பாத ஒரு வரிக்கு நான் இசை எழுதினால் அதில் தேவைக்கு மேல் அலங்காரம் சேர்ந்துவிடுகிறது. நம்புகிற வரியில் குறைவாக எழுதப் போதுமான தைரியம் இருக்கிறது.

குறைவாக எழுதுவதில் எனக்கு ஆசான் மொரீஸ் துருஃப்லே. 1960இல் வெளிவந்த அவருடைய நான்கு மோட்டெட்டுகளில் முதலாவது, ‘எங்கே அன்பும் நேசமும் உண்டோ அங்கே கடவுள் இருக்கிறார்’ என்ற பொருள்படும் ‘உபி காரித்தாஸ்’. பெரிய வியாழனன்று பாதம் கழுவும் சடங்கோடு சேர்ந்த பழைய கிரகோரியன் மெட்டு அது. மெட்டைப் பெரும்பாலும் அவர் அப்படியே விட்டுவிட்டார். சொல்லின் நடைக்கேற்ப அளவின் நீளம் மாறிக்கொண்டே இருக்கிறது. மெட்டு சொப்ரானோவிடம் இல்லாமல் ஆல்ட்டோவிடம் தொடங்குகிறது. சொப்ரானோக்கள் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள். மிக உயரத்தில் பிரகாசிக்க வேண்டிய வரி என்று எல்லோரும் நினைக்கும் ஒன்றை, நடுக்குரலின் இருண்ட நிறத்தில் வைத்துவிட்டார். என் பாடலில் ‘விசுவாசம்’ டெனரிடமிருந்து தொடங்குவதும், சொப்ரானோ மூன்றாவதாக வந்து சேருவதும் அவரிடம் கற்றதுதான்.

குரல் எல்லைகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரக்மானினோவ் 1915இல் தம் ‘இராவிழிப்பு ஆராதனை’யின் ஐந்தாம் பகுதியில் பாஸ் குரல்களைத் தாழ்ந்த பி ஃபிளாட் வரை இறக்கிவிட்டார், அதை முதலில் கைகாட்டிய நிக்கலாய் தனீலின், இப்படிப்பட்ட பாஸ்களை எங்கே போய்த் தேடுவது என்று கவலைப்பட்டதாக ரக்மானினோவ் நினைவுகூர்ந்திருக்கிறார். அவருக்கு மாஸ்கோவின் சினோத் பாடகர் குழு இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை வேலை முடிந்து வந்து பாடும் குழுவுக்கு எழுதும் நான், பாஸை தாழ்ந்த ஜிக்குக் கீழே விடுவதில்லை, டெனரை நடு சிக்கு மேலுள்ள எஃப்புக்கு மேல் ஏற்றுவதுமில்லை.

முடிவுக் கார்டில் மூன்றாம் சுரம் வேண்டுமா என்பதுதான் கடைசிவரை தீராமல் கிடந்த கேள்வி. யோஸ்கின் தெ ப்ரே தம் புகழ்பெற்ற ‘ஆவே மரியா’வை மூன்றாம் சுரம் இல்லாத வெறும் ஐந்தாம் இடைவெளியில் முடிக்கிறார், ‘என்னை நினைவுகூரும்’ என்ற வேண்டுதலுக்கு அந்த வெறுமை பொருந்துகிறது. என் வசனம் வேண்டுதல் இல்லை, அறிவிப்பு. எனவே மூன்றாம் சுரத்தை வைத்துக்கொண்டேன். எஃப் மேஜர் கார்டில் அந்த ‘ஏ’வை டெனரிடம் மட்டுமே கொடுத்திருக்கிறேன். சொப்ரானோவிடமும் ஆல்ட்டோவிடமும் கொடுத்தால் கார்டு வெளிச்சமாகும், ஆனால் 386 சென்ட்டில் அதை இருத்துவதற்குப் பலர் ஒத்துழைக்க வேண்டும்; டெனர் வரிசையில் நிற்பவர்கள் எப்படியும் நான்கைந்து பேர்தான். ‘ஆமென்’ சேர்க்கவில்லை. வசனத்தில் அது இல்லை, ‘அன்பே’யின் ஏகாரத்துக்குப் பிறகு இன்னோர் ஆகாரத்துக்கு இடமும் இல்லை.

டெனர்களே இல்லாத குழுக்கள் நிறைய இருப்பதால், சொப்ரானோ, ஆல்ட்டோ, ஆண்குரல் என்று மூன்று வரிகளில் பாடக்கூடிய வடிவம் ஒன்றையும் இப்போது எழுதிக்கொண்டிருக்கிறேன். ‘விசுவாசம்’ அதில் ஆல்ட்டோவிடமிருந்து தொடங்குகிறது. எட்டு அளவு எஃப் இன்னும் ஆல்ட்டோவிடமே இருக்கிறது. சஸ்பென்ஷன் சங்கிலியில் ஒரு கண்ணி குறைந்துவிட்டது. அதற்கு ஈடாக ஆண்குரலின் இறக்கத்தை இரண்டு அளவு நீட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.